உருளைக்கிழங்குக்கு நீ போட்ட தடை

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நலம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் ஆசை, கோபம் இருந்தாலும் ஆசை ஆசைதான். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போது சிக்னல் எங்கேயும் போகவில்லை, நான்தான் போனை அமுக்கினேன். "அலோ, அலோ, கேக்கல" என்று கத்திவிட்டுத்தான் அமுக்கினேன், அந்த மரியாதையையாவது நினைத்துக்கொள். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுத்துக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"உங்க உருளைக்கிழங்குதான் அம்மாவுக்குச் சர்க்கரைய ஏத்துது, நீங்களே அம்மாவ மேல அனுப்பிடுவீங்க போலருக்கு" என்று ரெண்டு மாதம் முன்னால் ஆரம்பித்தாய், ஞாயிற்றுக்கிழமையும் அதே பாட்டு. ஆலைக் கேண்டீனில் அத்தனை பேருக்கு ஆக்கிப் போடுகிறவன் நான், உப்பு தூக்கல் என்று சொல்லியிருக்கிறார்களே தவிர ஒருத்தனும் என்னைக் கொலைகாரன் என்றதில்லை. ஆனாலும் மகாராணி உத்தரவாயிற்றே, மறுநாளே வீட்டிலிருந்த கிழங்கைப் பையோடு கேண்டீனுக்குத் தூக்கிப்போனேன். தட்டில் கிழங்கு இருந்த இடம் வெறிச்சென்று ஆகிவிட்டது, உன் அம்மாவின் முகமும் அப்படியே. பார்க்கச் சகிக்காமல் அந்த இடத்தில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். என் கரண்டி எவ்வளவு பெரிசு என்று உனக்குத் தெரியும். இப்படியே நாள் ஓடி, போன வாரம் ரத்தம் பார்த்தால் சர்க்கரை முன்னைவிட ஏறி நிற்கிறது. அடுத்த மாதமும் இறங்காவிட்டால் ஊசிதான் என்றுவிட்டார் டாக்டர். நாள் முழுக்கத் தையல் மிஷினில் உட்கார்கிறவள், ஊசி என்றதும் என் கையைப் பிடித்தவள்தான், பஸ் ஏறும்வரை விடவில்லை.

அந்த ஆஸ்பத்திரியிலேயே சாப்பாட்டு ஆலோசனை சொல்ல ஒரு அம்மா இருக்கிறார். உன்னைப் போட்டுக்கொடுக்கலாம் என்று போனேன், அவர் எல்லோரையும் சேர்த்து உரித்துவிட்டார். "கிழங்கு என்னய்யா பண்ணுச்சு உங்கள? அதுல வைட்டமின் சி இருக்கு, பொட்டாசியம் இருக்கு, தோல்ல நார்ச்சத்து இருக்கு. நீங்க தோலச் சீவிக் குப்பையில போட்டுட்டு, மிச்சத்த எண்ணெயில பொரிச்சு, மலை மாதிரி சோத்துக்குத் தொட்டுக்க வைக்கிறீங்க. ரெண்டுமே மாவுச்சத்துதான். கிழங்கு வச்சா சோத்தக் குறைங்க, பாதித் தட்டு காய் கீரை வைங்க, தோலோட வேகவைங்க, அந்தம்மாவ தினம் நடக்கச் சொல்லுங்க" என்றார். பொரித்தது நான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிழங்கை எடு எடு என்றவள், அந்த இடத்தில் என்ன வைப்பது என்று ஒரு வார்த்தை சொன்னாயா? அதுவும் சிப்ஸைக் கறுக் முறுக்கென்று கடித்துக்கொண்டே உபதேசம். எனக்குக் கேட்காது என்று நினைத்தாயா?

இப்போது வேளைக்கு ஒரு சின்னக் கிழங்கு, சோறு கொஞ்சம், மற்றதெல்லாம் கீரையும் காயும். உன் அம்மா என்னடாவென்றால் நான் வேலைக்குப் போனதும் ராத்திரிக்கு வேகவைத்ததையும் சேர்த்து முழுங்கிவிடுகிறாள், கேட்டால் பூனை என்கிறாள். உப்புத் தொட்டுத் தின்கிற பூனை! அதனால் ராத்திரிக் கிழங்கை உறையில் சுற்றி, அவள் கையே படாத ஓர் இடத்தில் ஒளித்துவைக்கிறேன். எங்கே என்று உனக்குச் சொல்ல மாட்டேன், நீ அவள் கட்சி.

அடுத்த மாதம் ரத்தம் பார்க்கும்வரை திட்டுவதானால் என்னைத் திட்டு, அவளைப் பயமுறுத்தாதே, ராத்திரி தூங்காமல் புரள்கிறாள். என்னோடு இன்னும் பல வருடம் சண்டை போடத் தெம்போடு, மாப்பிள்ளையும் நீயும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. நியாயமாகப் பேசினால் அமுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பழி சுமக்கும் உன் அப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது உன் அம்மா நடக்கக் கிளம்பினாள். போன வருடம் நீ வாங்கி அனுப்பி, பெட்டியோடு கட்டிலுக்கடியில் கிடந்த ஷூவை எடுத்து மாட்டினாள். வலது கால் அளவு சரியாக இருக்கிறதாம். இடது காலில் கிழங்கு இருந்தது. நன்றாக வெந்திருந்தது.