வளையாத கோடு

2 மார்ச் 2024, சனி
கிறிஸ்டோபர் அண்ணனுக்கு ஊசி போட்டேன். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "கணக்கு டீச்சர் நர்ஸ் ஆயிட்டா பாரு" என்றான்.

சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குக் கட்டளையிடும் ஹார்மோனைச் சுரப்பது சிறுநீரகம். அவனுக்கு அது இரண்டுமே போய்விட்டது. வாரம் இரண்டு டயாலிசிஸ். அந்த ஹார்மோன்தான் இந்த ஊசி. என் பிஎச்.டி. சமன்பாடுகளும் இதைப் பற்றியவைதான். தலைப்பை எடுத்தபோது அண்ணன் நன்றாக இருந்தான், சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டு.

என் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தும் என்று போன மாதம் தெரிந்தது. ஜூனில் ஆபரேஷன்.

20 ஏப்ரல்
ஹீமோகுளோபின் 8.3. போன வாரம் 9.3. அதற்கு முந்தின வாரம் 10.4. டாக்டர் துரைக்கண்ணு மருந்தை இரண்டு மடங்காக்கச் சொன்னார். போட்டேன்.

27 ஏப்ரல்
7.2. நான்கு படி ஏறி உட்கார்ந்துவிட்டான். அம்சா அண்ணி கேட்டாள்: "ஊசி போடப் போட இறங்கிக்கினே போவுதே, நதியா?"

28 ஏப்ரல்
நான்கு புள்ளிகளையும் குறித்தேன். நேர்கோடு. ரத்தம் எங்காவது கசிந்தால் மஜ்ஜை ஈடுகட்டப் பார்க்கும், கோடு வளையும். இது வளையவில்லை. அவன் நிலையில் ஒரு சிவப்பணுவின் ஆயுள் எழுபது நாள் என்று வைத்து, உற்பத்திக்குப் பூஜ்யம் போட்டேன். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய ஒன்று குறைகிறது. அப்படியே பொருந்துகிறது. நான்கு வருடத்தில் என் கணித மாதிரி எதற்கும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தியதில்லை.

சந்தோஷப்பட்டேனா? ஒரு நொடி — ஆமாம். சீ.

29 ஏப்ரல்
டாக்டரிடம் தாளை நீட்டினேன். "எங்கியோ ப்ளீடிங் இருக்கும்மா, பார்த்துடலாம்" என்றார். "ப்ளீடிங்னா புதுசா வர்ற இளம் அணுக்கள் அதிகமா இருக்கணும் சார். அதை மட்டும் ஒரு தடவை எண்ணச் சொல்லுங்க." பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

14 மே
இளம் அணுக்கள் கிட்டத்தட்ட இல்லை என்று அந்த வாரமே தெரிந்தது. இன்று காரணமும் தெரிந்தது. ஊசி மருந்தை எதிரியாக நினைத்து அவன் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கிறது. கொஞ்சநஞ்சம் ஊறிய சொந்த ஹார்மோனும் அதில் அழிந்துவிட்டது. மஜ்ஜை நின்றுவிட்டது. மிக அபூர்வமாம், யார் தப்பும் இல்லையாம். வாராவாரம் போட்டது யாரு? இந்தக் கைதானே?

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "நீ கண்டுபுடிக்கலன்னா இன்னும் போட்டுக்கினு இருந்திருப்போம் பாப்பா" என்றான். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

22 மே
ஊசியை நிறுத்தியாகிவிட்டது, இனி ரத்தம் ஏற்றித்தான் ஓட்ட வேண்டும். தெருவெல்லாம் கோயில் கருட சேவைக் கூட்டம். ரத்தப் பை வைத்த ஐஸ் பெட்டியோடு ஒரு மணி நேரம் தெருமுனையில் நின்றேன். ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது.

8 ஆகஸ்ட்
இதுவரை பதினோரு பை, பதினோரு பேருடைய ரத்தம். அதையெல்லாம் எதிர்க்கப் பழகிய உடம்பு இப்போது என் சிறுநீரகத்தையும் எதிர்க்கிறது. பிப்ரவரியில் பொருந்தியது இன்று பொருந்தவில்லை. ரத்தம் ஏற்றாமல் விட்டிருந்தால் மே மாதத்தைத் தாண்டியிருக்க மாட்டான்.

எதிர்ப்பை அடக்க மாத்திரை கொடுக்கிறார்கள். அது உடம்பின் காவலையும் குறைக்கும், தொற்று வராமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

3 அக்டோபர்
இளம் அணுக்கள் ஒரு சதவீதம்! மஜ்ஜை விழித்துவிட்டது. அண்ணி அழுதாள். அண்ணன் சாம்பார் கேட்டான்.

12 அக்டோபர்
காய்ச்சல். நுரையீரலில் சளி.

17 அக்டோபர்
அண்ணன் போய்விட்டான். காலை ஆறு பத்து.

21 பிப்ரவரி 2025
பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு. வெளியூர்ப் பேராசிரியர், அண்ணனின் ரத்த அளவுகள் உள்ள ஐந்தாம் அத்தியாயத்து வரைபடத்தைத் திரையில் காட்டச் சொன்னார். "ரொம்ப அழகா பொருந்துது. ஆனா தரவு ஏன் 230ஆம் நாளோட நின்னுடுச்சு? இன்னும் ரெண்டு மாசம் தொடர்ந்து எடுத்திருந்தா மஜ்ஜை முழுசா மீண்டுச்சான்னு தெரிஞ்சிருக்குமே?"

"அதுக்கு மேல இல்லைங்க சார்."

தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்து வெளியே போவதைப் பார்த்தேன். அடுத்த கேள்விக்கும் சரியாகத்தான் பதில் சொன்னேன்.