கை மறைத்த சிரிப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம். கம்பெனியில் தைக்கும்போது நூலைப் பல்லால் கடித்தேன்; முன்பல் ஆடியது, அவ்வளவுதான். பழியை நூல்மேல் போட்டேன்.

பல் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "ஈறுக்கு அடியில எலும்பு கரைஞ்சு போச்சும்மா. வீட்ல யாருக்காவது சின்ன வயசுலயே பல்லு விழுந்துச்சா?" என்றார். நீங்கள் கையால் வாயை மறைத்துச் சிரிப்பதைச் சொன்னேன். ஈறுக்கடியில் சுத்தம் செய்து மருந்து கொடுத்தார். பல் நிற்குமாம்.

இந்த நோய் கூடப் பிறந்தவர்களுக்கும் வருமாம், வலிக்காமலே முற்றுமாம். நீங்கள் அனுப்பிய போட்டோவில் தங்கச்சி வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். "இப்பல்லாம் ரொம்ப அடக்கமாயிட்டா" என்று எழுதியிருந்தீர்கள். அது அடக்கமாக இருக்காது அம்மா. நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது. அவள் வாய்விட்டுச் சிரிக்கிற போட்டோ ஒன்று அனுப்புங்கள். ஹாஸ்டலில் என் கட்டிலுக்கு மேலே சுவர் வெறுமையாக இருக்கிறது.

உங்கள் மூத்தவள்