சியாமளாவின் அம்மா

கெல்சென்கிர்ச்சன்
9.12.1985

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் உங்கள் இரண்டு பிள்ளைகளும் இங்கே ஜேர்மனியில் சுகம். அத்தானும் தவறிப்போன வீட்டில், பாரிசவாதத்தில் கிடக்கும் மாமியைத் தனியாக விட்டு வர உங்களால் முடியாது என்பதால்தான் பிள்ளைகளை என்னோடு அனுப்பினீர்கள். ஆனாலும் எல்லாக் கடிதத்திலும் கேட்பேன்: எப்போது வருகிறீர்கள்?

போன வெள்ளிக்கிழமை என் மானம் போய்விட்டது. காலையில் கதவைத் திறந்தால், வெளியே கழற்றி வைத்த பிள்ளைகளின் சப்பாத்துக்குள் சொக்லேட்டும் தோடம்பழமும். காலில் போடுவதற்குள் சாப்பாடு வைப்பதென்றால் என்ன அர்த்தம்? கீழ்வீட்டு ஷூல்ட்ஸ் அம்மா எங்களைக் கேவலப்படுத்திவிட்டார் என்று எல்லாவற்றையும் அவர் வாசலில் கவிழ்த்துவிட்டு வந்தேன். சியாமளா அழுதாள்.

"சித்தி, இண்டைக்கு நிக்கொலாஸ் தாத்தா பரிசு கொண்டு வாற நாள். இஞ்ச எல்லாப் பிள்ளையளுக்கும் சப்பாத்துக்குள்ளதான் வைப்பினம். ரீச்சர் சொன்னவ."

எட்டு வயதுக்காரிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. பின்னேரம் உழுந்து வடை சுட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். அந்த மனிசி வடையைத் தின்றுவிட்டு, பிள்ளைகளின் சப்பாத்துகளை வாங்கித் துடைத்து மறுபடி நிரப்பித் தந்தார்.

அன்புத் தங்கை
பவளம்

கோண்டாவில்
4.1.1986

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு பக்க வாய்தான் அசைகிறது, அதாலேயே சிரித்தார். முன்கோபத்தில் நீ அப்பாவை உரித்து வைத்திருக்கிறாய்.

இங்கே பள்ளிக்கூடம் ஒரு கிழமை நடந்தால் இரண்டு கிழமை பூட்டு. பிள்ளைகள் அங்கே இருப்பதுதான் நல்லது என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த நாட்டு வழக்கமெல்லாம் பழகட்டும். சனிக்கிழமையில் எண்ணெய் வைத்து முழுக வார்க்க மட்டும் மறக்காதே.

சியாமளா இரண்டு பக்கம் எழுதுகிறாள். வதனியைப் பற்றி நீ எழுதுவதெல்லாம் சாப்பாடும் தடிமன் காய்ச்சலும்தான். சின்னவள் என்னைத் தேடுகிறாளா? நேராக எழுது.

உன் அக்கா
மகாதேவி

கெல்சென்கிர்ச்சன்
2.3.1986

அன்புள்ள அக்காவுக்கு,

நேராக எழுதச் சொன்னீர்கள். ஒரு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

வதனிக்கு இந்த ஊர் பிடித்துவிட்டது. கிண்டர்கார்டனில் மழைக்குள்ளும் றப்பர் சப்பாத்தோடு விளையாட விடுகிறார்கள். ஏழு மணிக்கே படுத்துவிடுகிறாள். இரவில் பாணும் சீஸும் போதுமாம், புட்டுக் கேட்பதில்லை.

பயணத்தில் யாரும் சந்தேகப்படாமல் இருக்க, என்னை 'அம்மா' என்று கூப்பிடும்படி ஏஜென்சிக்காரன் அவளைப் பழக்கியது தெரியும்தானே. வந்து இறங்கிய அன்றே சித்தி என்று மாற்றிவிட்டேன். இப்போது கிண்டர்கார்டன் வாசலில் மற்றப் பிள்ளைகள் தாய்மாரிடம் ஓட, இவளும் 'அம்மா' என்று என்னிடம் ஓடி வருகிறாள். "சித்தி எண்டு சொல்லு" என்றால், "எல்லாரையும் அம்மாதானே கூட்டிக்கொண்டு போறா" என்கிறாள். உங்கள் படத்தைக் காட்டினேன். "அது அக்காவின்ர அம்மா" என்றாள்.

மூன்று நாள் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். அக்கா, அவள் அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்துவிட்டு உங்கள் முகத்தில் முழிக்க முடியாது. கெதியாக வாருங்கள்.

பவளம்

கோண்டாவில்
6.4.1986

அன்புப் பவளத்துக்கு,

சென்ற மாதம் பத்தாம் திகதி மாமி கண்ணை மூடிவிட்டார். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் புறப்படுகிறேன். கிழக்கு பேர்லின் வழியாக ஏற்பாடு. எப்படியும் மே மாதம் உங்களிடம் வந்து சேருவேன்.

உன் கடிதம் செத்தவீட்டுக்குள் வந்தது. கோபத்தில் ஒரு பதில் எழுதினேன், தபாலில் போடவில்லை. உன்னிடம் பொறாமைப்பட்டேன், அதுதான் உண்மை. நீ மறைத்திருந்தால் உன்னை மன்னித்திருக்க மாட்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். அம்மா வருகிறா என்று வதனிக்குச் சொல்லாதே. ஊரில் இருந்து ஓர் அன்ரி வருகிறா என்று சொல்லு. சியாமளாவுக்கு விளக்கிச் சொல்லி வை, அவள் சமாளிப்பாள். சின்னவளை என் கையில் பிடித்துத் தள்ளாதே. என் முன்னால் உன்னை அம்மா என்று கூப்பிட்டால் திருத்தாதே, என் முகத்தையும் பார்க்காதே. அவளுக்கு எது பிடிக்கும், எதற்கு அழுவாள் என்று நீதான் எனக்குச் சொல்லித்தர வேண்டும். அவளாக என்னிடம் வரட்டும். எனக்கு அவசரமில்லை.

அவசரமில்லை என்று எழுதியது பொய். ஆனாலும் அப்படித்தான் நடந்துகொள்வேன்.

அன்புடன்
மகாதேவி அன்ரி