இரண்டு எழுத்து விளையாட்டு

இறந்துபோன ஒருத்தியை யாருடனும் பங்கு போடாமல் வைத்துக்கொள்ள முடியுமா?

முந்தாநாள் மாலை போடி பஸ் ஸ்டாண்டு அருகே, மலையிலிருந்து இறங்கிய ஜீப் ஒன்று என்னை உரசுவதுபோல வந்து நின்றது. பச்சை ஏலக்காய் வாசனை. நீ இருந்தவரை சனிக்கிழமைகளில் என் வீட்டுக்குள் நுழையும்போது உன் சேலையில் இருக்கும் வாசனை. உள்ளே காய் பறித்துத் திரும்பும் பெண்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“பி, ஆர்! வெரசாச் சொல்லு ஆத்தா!”

“பிரேக்கு. நம்ம டிரைவர் அண்ணனுக்கு ஞாபகமே வராதது.”

“பிரைடு. கல்யாணப் பொண்ணு, மூணே நாளைக்குச் சோலி இல்லாத பொம்பள.”

அது நம் விளையாட்டு. மதுரையில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தபோது விடுதி அறையில் நாம் இருவர் மட்டும் ஆடியது. ஒரே இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கும் பெயர்ச்சொற்களாகச் சொல்ல வேண்டும்; பொருள் அகராதியில் இருப்பதாக இருக்கக் கூடாது. எஃப், ஆர் வந்த அன்று, “ஃப்ராடு: எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணிவிட்டு, ஒன்றுமே படிக்கவில்லை என்கிறவள்” என்று என்னைக் கைகாட்டினாய். பிறகு எனக்குப் போடியில் கல்லூரி வேலை. உனக்கு மேலே எஸ்டேட் பள்ளி, தினமும் இந்த ஜீப்.

இறங்கியவர்களில் ராசிங்காபுரத்துச் செல்வியை உன் சாவு வீட்டில் பார்த்திருக்கிறேன். இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரிந்துகொண்டே கேட்டேன்.

“டீச்சருதான்க்கா. வளைவுல எங்களுக்கு வாந்தி வருதுன்னு, எங்களுக்காகவே உண்டாக்குனது.”

“இல்லை. ஹாஸ்டலில் நாங்கள் ஆடியது.”

“அப்பிடியா? உங்களப் பத்திச் சொன்னதே இல்லையே! நம்பலைன்னா நாளைக்குக் காலையில வந்து பாருங்க.”

ஐம்பதை நெருங்கும் வயதில் இப்படி வயிறு எரியும் என்று நான் நினைத்ததில்லை. நீ இல்லை என்பதைவிட, நீ எனக்கு மட்டும் உரியவளாக இருந்ததில்லை என்பது அப்போது அதிகமாக வலித்தது. ஆவி, மறுபிறவி எதையும் நான் நம்புவதில்லை. இதை நீ படிக்கப்போவதில்லை. இருந்தாலும் உன்னிடம்தான் கேட்க முடியும். இத்தனை வருடத்தில் என் பெயர் ஒருமுறைகூட உன் வாயில் வரவில்லையா?

மறுநாள் நடந்தது இது. விடிந்ததும் போய் ஜீப்பில் ஏறினேன். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். முன்சீட்டில் யாரும் ஏறவில்லை. மறுபடியும் பி, ஆர்.

“பிரெத்து” என்றாள் செல்வி. “மூச்சு. மேடு ஏறுறப்ப டீச்சருக்குத் திணறுனது.”

“எப்போதிலிருந்து?”

“போன மழைக்கே. யாருட்டயும் சொல்லாதீங்கடின்னாங்க. அதான் முன்சீட்ட அவுங்களுக்கே விட்டுட்டோம்.”

அந்த மழை மாதங்களில் நீ என் வீட்டு மாடிப்படி ஏறி வந்தாய். கதவருகே கொஞ்சம் நின்றுவிட்டுச் சிரித்தபடி காபி கேட்டாய். என்னிடம் சொல்லவில்லை.

“அக்கா, உங்க முறை!”

எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

“அக்கா அவுட்டு!” என்று எல்லோரும் சிரித்தார்கள். செல்வி என் காதருகே குனிந்து ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்க வந்தாள். வேண்டாம், அவுட்டாகவே இருக்கட்டும் என்று தலையாட்டினேன்.