தீவுக்குப் போய்வந்த கரடி

மாசி 9, ஞாயிறு.

பழவேற்காட்டுத் தீவுக்கு நான் போகவில்லை. எனக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் பதவியை வாங்கிக்கொண்ட செல்வத்தோடு எந்தப் படகிலும் ஏறமாட்டேன். ஆனால் கம்பெனியில் என் மேசைமேல் இருந்த கரடி பொம்மையை எனக்குப் பதிலாக நண்பர்கள் தூக்கிப்போய்விட்டார்கள். படகில் கரடி, மணலில் கரடி என்று நாளெல்லாம் போனுக்குப் படம் வந்தது. ஒன்றில் கரடியின் முன்னால் இலை போட்டு வறுத்த மீன் வைத்திருந்தார்கள். எனக்குப் படையலா? நான் இன்னும் சாகவில்லையே.

மாலையில் செல்வமே ஈரக் கரடியோடு வந்தான்.

"இன்னாபா மொறைக்கிற? உன் இலையில ஒருத்தனும் கை வெக்கல. இந்தா மீனு, சூடு பண்ணித் துன்னு. கரடி தண்ணியில வுழுந்துச்சி, நான்தான் குதிச்சேன்."

அவனுக்கு நீச்சல் தெரியாது.

கேலியா, அக்கறையா, புரியவில்லை. மீனைச் சாப்பிட்டுவிட்டேன். கரடி கொடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது. நாளை ஷிஃப்டில் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.