வாய்தா வாங்கிய அனுபவம்

அனுப்புநர்:
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவர்,
ஆயுள் கைதி ஒருவனின் அக்கா.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
உயர் நீதிமன்ற நீதிபதிகள் தேர்வுக் குழு.

பொருள்: நீதிபதி பதவிக்குப் பரிசீலிக்கப்படும் மாண்புமிகு சட்டசபை உறுப்பினரின் வக்கீல் அனுபவம் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நீதிபதியாக வேண்டுமானால் பத்து ஆண்டுகள் வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும் என்பது விதி. உறுப்பினருக்கு அந்தத் தகுதி இருப்பதாகச் செய்தித்தாளில் போட்டிருந்தது. அது எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும்.

2. என் தம்பி குடோன் காவலாளி. அங்கே தீப்பிடித்து ஒருவர் இறந்ததற்கு இவனே காரணம் என்று ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். மேல்முறையீட்டுக்கு இவரைத்தான் வக்கீலாக வைத்தோம். உடனே தேர்தலில் ஜெயித்துவிட்டார். அன்றிலிருந்து குமாஸ்தாதான் வருவார், ஐயா சபையில் இருக்கிறார் என்று வாய்தா வாங்கிப் போவார். ஒரு நாள்கூட இவர் எழுந்து நின்று வாதாடவில்லை.

3. வக்கீலை மாற்ற, பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லையென்று கையெழுத்துப் போட வேண்டுமாம். கேட்கப் போனேன். குமாஸ்தா நல்ல மனுஷன். உட்காரச் சொல்லி, மின்விசிறியைப் போட்டுவிட்டு உண்மையைச் சொன்னார்: "ஐயா பேர்ல உயிரோட இருக்கிறது இந்த ஒரு கேஸ்தாம்மா. இதையும் எடுத்துட்டுப் போயிட்டீங்கன்னா, தொழில் பண்றார்னு எதைக் காட்டுறது?" தள்ளிப்போட்ட ஒவ்வொரு வாய்தாவும் அவருக்கு அனுபவம், தம்பிக்குச் சிறை.

4. இதை முன்பே எழுதினேன். உரிய நடவடிக்கைக்கு என்று அவர் அலுவலகத்துக்கே அனுப்பிவைத்தீர்கள். கிணற்றில் போட்ட கல்லாவது கிணற்றிலேயே கிடக்கும். இந்த மனுவும் அங்கேதான் போகும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

5. அவர் நீதிபதியாகிவிட்டால் வக்கீல் தொழிலை விட வேண்டும், வழக்கு தானாக எங்கள் கைக்கு வரும் என்கிறார்கள். ஆனால் மூன்று ஆண்டுகளாகப் பரிசீலனையே நடக்கிறது. பரிசீலனை முடியும்வரை கையெழுத்து கிடைக்காது.

6. சிறையில் பார்க்கப் போனபோது தம்பி, "நம்ம வக்கீல் ஜட்ஜ் ஆனா நமக்கு நல்லதுதானேக்கா" என்றான். வெள்ளந்தியாகப் பேசாதே என்று திட்டிவிட்டு வந்தேன். யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி.

ஆகவே ஐயா, அவருக்குத் தகுதியில்லை என்று சொல்ல வந்த நானே கெஞ்சிக் கேட்கிறேன். அவரைச் சீக்கிரம் நீதிபதி ஆக்கிவிடுங்கள்.

நாள்: கடைசி வாய்தாவுக்கு மறுநாள்
இடம்: சலவைக்கூடம்

இப்படிக்கு,
(கையொப்பம்)
கைதியின் அக்கா