அப்பாவின் கொடி, ராஜாவின் கொடி

அத்தை,

இன்று காலை திரேஸ்புரத்துக்குக் கருவாடு வாங்கப் போயிருந்தேன். காயப்போட்ட சாளை வெயில் ஏற ஏற வீசியது. எல்லாரும் மூக்கைப் பொத்துகிற இடத்தில் நீங்கள் மட்டும் நின்று மூச்சை இழுப்பீர்கள். "எங்க ஊருல மீன ஊறப்போட்ட சாடியத் திறந்தா இப்படித்தான்ளா இருக்கும்" என்பீர்கள். அது நினைவுக்கு வந்ததும் அங்கேயே அழுதுவிட்டேன். "வெலையக் கேட்டா அழுதிய?" என்று கருவாட்டுக்காரம்மா பயந்து போனாள்.

உங்கள் ஊர் லாவோஸ் என்று அவளிடம் எப்படிச் சொல்ல? அதன் தலைநகர் வியந்தியானில் ஜவுளிக்கடை வைத்திருந்த மாமாவைக் கட்டி, அங்கே ராஜாவை இறக்கிய வருஷம் கைக்குழந்தையோடு தூத்துக்குடி வந்தவர் நீங்கள். அந்தக் குழந்தைக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, ஏசுவதில் எங்கள் தெருவையே தோற்கடிக்கும் அளவுக்குத் தமிழ் படித்திருந்தீர்கள்.

வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் விட்ட ஊர் இது என்று ஒருநாள் பீற்றிக்கொண்டேன். கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தீர்கள். "ஒங்களுக்குக் கடல் இருந்துச்சி, கப்பல் விட்டிய. எங்களுக்கு ஆறுதான். எங்கப்பா அதுலதான் போனாரு." அன்றுதான் முழுக்கதையும் சொன்னீர்கள். உங்கள் நாட்டை மறுபடி ஆளப் பிரெஞ்சுக்காரன் திரும்ப வந்தபோது ராஜா அவன் பக்கம் நின்றார். உங்கள் அப்பா விடுதலை கேட்டவர்களோடு நின்றார். ஊர் விழுந்த அன்று மேக்கோங் ஆற்றைத் தாண்டி ஓடினீர்கள். முதல் படகில் அம்மா, அண்ணன், ஏழு வயது நீங்கள். அடுத்த படகில் அப்பா, மடியில் விடுதலை கேட்டவர்களின் கொடி. விமானம் வந்து படகுகளைச் சுட்டது. அவர் கரையேறவே இல்லை.

பிறகு விடுதலை வந்தது, அதே ராஜாவின் காலத்தில். பள்ளிக்கூடத்துக்கு வந்த அவருக்கு நீங்கள்தான் பூக்கொடுத்தீர்கள். "அப்பா கேட்டதக் கடைசியில ராஜா கையாலதான வாங்குனோம்" என்பீர்கள். வெள்ளை யானை போட்ட அந்த ராஜாவின் சிவப்புக் கொடியைக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தீர்கள். யானைக்கு மூன்று தலை. பக்கத்து வீட்டக்கா அதைப் பிள்ளையார் என்று நினைத்து வருஷக்கணக்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நீங்களும் திருத்தவில்லை. "கும்பிட்டுட்டுப் போறா, நமக்கென்ன?"

அந்த ராஜாவுக்குப் பின் பட்டத்துக்கு வந்த மகனைத்தான் புது ஆட்சிக்காரர்கள் இறக்கி, மலைக்காட்டு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. உங்கள் அண்ணன் அந்தப் புது ஆட்சியின் பட்டாளத்தில் இருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் அவரோடு பேச்சில்லை.

நான்தான் இடையில் புகுந்தேன். அவர் மகளைத் தேடிப்பிடித்து, போனில் முகம் பார்த்துப் பேச ஏற்பாடு செய்தேன். அண்ணன் தெரிந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் நீலத்தில் வெள்ளை வட்டம் வைத்த கொடி. எழுந்து போய்விட்டீர்கள். உங்கள் பின்னாலேயே அடுப்படிக்கு வந்து ஏன் என்று கேட்டேன்.

"அதுதான்ளா அப்பா கொடி. அத மடியில வச்சிக்கிட்டுத்தான் செத்தாரு. அதே கொடியத் தூக்கிக்கிட்டுத்தான் ராஜாவப் புடிச்சிட்டுப் போனானுவ. நான் எத நெனச்சி அதப் பாக்க?"

மறுமாதம் அண்ணனிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே அந்தக் கொடி. "கண்ணுல காட்டாத" என்றீர்கள். பரணில் போட்டேன்.

கடைசி வாரம் தமிழ் உங்களை விட்டுப் போய்விட்டது. உங்கள் பாஷையில் கொடிக்கு என்ன சொல் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதைத்தான் சொன்னீர்கள். சுவரிலிருந்த யானைக்கொடியைக் கழற்றிக் கையில் வைத்தேன். தள்ளினீர்கள். மறுபடி வைத்தேன், மறுபடி தள்ளினீர்கள். காய்ச்சல் வேகம் என்று நினைத்தேன். நான் ஒரு மடச்சி, அத்தை. தலைக்கு மேல் பரணில் கிடந்த பொட்டலம் எனக்குத் தோன்றவே இல்லை. யானைக்கொடியைப் போர்த்தித்தான் உங்களை எரித்தோம். பதினாறு முடிந்து பாத்திரங்களைப் பரணில் ஏற்றும்போது பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரமே உங்கள் அண்ணன் பேசினார். மகள் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னாள். "கடைசியில் எந்தக் கொடியோடு போனாள் என்று அப்பா கேட்கிறார்."

"அவங்க அப்பா கொடியோடு. அவங்களே கேட்டு வாங்கிக்கிட்டாங்க" என்றேன்.

தொண்ணூறை நெருங்கும் அந்த மனிதர் வாய்விட்டு அழுதார். அவர் மேல் உங்களுக்கிருந்த கோபம் தீர்ந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டார். தீர்ந்ததா, இல்லை எந்தக் கொடியும் வேண்டாம் என்றுதான் தள்ளினீர்களா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுகிறார். கேட்பது ஒன்றுதான்: அந்தக் கொடியைத் தங்கச்சி எப்படிப் பிடித்திருந்தாள்? நெஞ்சோடு சேர்த்து என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், அத்தை.